மேல் அறை இனிக் குளிராது

ரொம்மன், ஒஸ்லோ
11.02.2025

அன்புள்ள மகள் கம்சிகாவுக்கு,

அம்மா எழுதுவது. கொப்பாவும் நானும் சுகம். துரொம்சோவில் நீயும் மருமகனும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாயிருக்க அம்மன் காவல். சுகம் விசாரித்து முடிந்தது, இனி ஏச்சுத்தான். போனில் ஏசினால் "பிறகு கதைக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுவாய், அதுதான் எழுதுகிறேன். சனிக்கிழமை தோறும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இதையாவது முழுதாக வாசி.

போன மாதம் கோயிலில் நாலு பேர் நிற்கும்போது உன் மாமி யோகராணி, "கம்சி பிள்ளைப்பெறுவுக்கு எங்கடை புருசெத் வீட்டைதான் வாறா, உங்கடை மேல் அறை சரியான குளிராமெல்லே" என்று சிரித்துக்கொண்டு சொன்னா. எனக்கு முகம் எரிந்தது. தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டை விட்டு மாமியார் வீட்டுக்குப் போகிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன். நத்தாருக்கு வந்து நின்றபோது ஜாக்கெட்டோடு படுத்தாயாம், கூரை யன்னலால் காற்று முகத்தில் அடித்ததாம். காலையில் நித்திரை வந்ததோ என்று நான் கேட்க, ஓம் ஓம் என்றுதானே சொன்னாய். எனக்குச் சொல்ல வாயில்லை, மாமிக்குச் சொல்ல மட்டும் வாய் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தில் குளிர்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் மேலே போய் ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். அந்த யன்னலின் மேல்பக்கத்தில் காற்றுப் போய்வர ஒரு சின்ன மூடி இருக்கிறதல்லவா, அதற்குள் கொப்பா தன் பழைய வேட்டியைக் கிழித்து அடைத்து, மேலே டேப்பும் ஒட்டி வைத்திருக்கிறார். கேட்டால், அந்த அறையில் ஏற்றுகிற சாமி விளக்கு காற்றுக்கு நூர்ந்து அணைந்துபோகிறதாம். தச்சு வேலைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குளிர் வந்தது அந்த மூடியால் இல்லை, யன்னலைச் சுற்றியிருந்த ரப்பர் காய்ந்து வெடித்துப்போன இடுக்கால். வேட்டி அடைத்ததால் அறையின் ஈரம் வெளியே போக வழியில்லாமல் கண்ணாடியில் வியர்த்து வழிந்து, கீழ்க்கட்டை கறுத்து உக்கிப்போய்விட்டது. விளக்கு ஆடாமல் எரிந்தது, பெற்ற பிள்ளை ஜாக்கெட்டோடு கிடந்தது. இதைக் கொப்பாவுக்கு நான் சொன்ன விதத்தை இங்கே எழுத ஏலாது.

இப்போது புது ரப்பர், புதுக் கட்டை. சட்டத்துக்கும் கூரைக்கும் நடுவே வெறுமையாய்க் கிடந்த இடத்துக்குக் குளிர் தாங்குகிற பஞ்சும் அடைத்தாயிற்று. மூடியை மட்டும் இனிமேல் அடைக்கவே கூடாது என்று வேலைக்காரன் சொல்லிப்போனான். "அப்ப விளக்கு?" என்று அதற்குப் பிறகும் கொப்பா கேட்கிறார். படம், விளக்கு, மணி எல்லாவற்றையும் நானே தூக்கிக் கீழே ஹோல் அலுமாரியில் வைத்துவிட்டேன். பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, சாமி இருக்கிற அறையில் உன்னைப் படுக்க விடலாமோ என்ற யோசனைகூட அந்த மனுசனுக்கு இல்லை.

நேற்று மத்தியானம் சுவெற்றரைக் கழற்றிப்போட்டு உன் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக் காற்று இல்லை. ஆனால் கண் மூடவில்லை. என் பிள்ளை இதில் நடுங்கிக் கிடக்க, கீழே நான் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேனே என்று எழும்பி உட்கார்ந்துவிட்டேன். கோபம் இன்னும் போகவில்லை, போகும் என்றும் நினைக்காதே.

பிள்ளைப்பெறுவுக்கு இங்கேதான் வருகிறாய் என்று மாமிக்கு நீயே போன் எடுத்து மரியாதையாகச் சொல்லு, அவ பாவம், கெட்ட மனுசி இல்லை. இரும்புக் குளிசையை விடாதே. வெளியே இறங்கும்போது ஐஸில் வழுக்காமல் சப்பாத்துக்கு முள்ளுப் போட்டுக்கொண்டு நட. பிள்ளையும் நீயும் இரண்டு உயிராகப் பிரிந்து நல்லபடி இருக்க அம்மாளாச்சி அருள் செய்யட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. சோற்றில் கல் கிடந்தாலும், அறை குளிர்ந்தாலும், என் வாய் கூடினாலும் முதலில் எனக்குச் சொல்லு. பிறத்தியார் வீட்டில்தான் குளிரவில்லை என்று பொய் சொல்ல வேண்டும். நான் உன்னைப் பெற்றவள்.

இப்படிக்கு,
கோபத்தோடு அம்மா
உதயகுமாரி