ஜாமீன் கையெழுத்து

காஹாங்,
3 ஆகஸ்ட் 2025

தம்பி அர்ச்சுனனுக்கு,

அக்கா செல்வராணி எழுதுவது. உன் எண்ணைப் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் நிதானம் போய்விடும். அதனால்தான் தபால்.

ஆலையில் என்னோடு லாரி எடை பார்க்கும் ரூபினி நேற்றுப் பத்திரிகையை நீட்டினாள். "அக்கா, உங்க தம்பி உங்களப் பத்திதான் எழுதியிருக்காரு, படிச்சீங்களா?" என்றாள். படித்தேன். பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழிக்க வேண்டும், கல்விக் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். சரி. "ஜாமீன் நின்ற ஒரே குற்றத்துக்காக, செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் என் அக்கா இன்று கறுப்புப் பட்டியலில் இருக்கிறார்" என்றும் எழுதியிருக்கிறாய்.

யாருடைய கடனுக்கு ஜாமீன் என்று எழுத ஏன் மறந்தாய்?

தேன்மொழிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. முதல் பருவக் கட்டணத்துக்காகக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். "சாரி லா அக்கா, உங்க பேரு பிளெக்லிஸ்ட்ல இருக்கு" என்றாள் அங்கிருந்த பெண். என் மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

செல்வராணி


தெப்ராவ்,
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எண்ணையே தடுக்கும் அளவுக்கு நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? வீட்டில் என் மகன் ரிஷியும் அவன் அம்மாவும் உங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

நான் பணம் இல்லாமல் கட்டாமலிருக்கவில்லை. படிப்பை விலை பேசி விற்கும் முறையை எதிர்த்துத்தான் ஒன்பது வருஷமாகக் கட்டவில்லை. இன்று கட்டிவிட்டால் நாளை எந்த முகத்தோடு மேடை ஏறுவேன்? உங்கள் வேதனையை ஊர் அறியட்டும் என்றுதான் எழுதினேன்.

செப்டம்பர் 6, சனிக்கிழமை, கட்டணச் சீரமைப்புக் குழு ஜோகூர் பாருவில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. நீங்கள் வந்து பேச வேண்டும். பெயர் கொடுத்துவிட்டேன். கார் அனுப்புகிறேன்.

அன்புத் தம்பி,
அர்ச்சுனன்


காஹாங்,
19 ஆகஸ்ட் 2025

அர்ச்சுனா,

என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்திருக்கிறாய். உனக்கு அது பழக்கம்.

அப்பா இறந்த வருஷம் உன் படிப்புக் கடன் காகிதத்தோடு வந்தாய். "ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கக்கா, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றாய். எதைப் பார்த்துக்கொண்டாய்? நீ பாலம் தாண்டிப் போய் சிங்கப்பூர் சம்பளம் வாங்குகிறாய். நோட்டீஸ் என் வீட்டுக்கு வருகிறது. போராடுவது நீ, அடிபடுவது நானா?

நிலுவையைக் கட்டு. மூன்று நாளில் என் பெயரை எடுத்துவிடுவார்களாம், விசாரித்துவிட்டேன். 29ஆம் தேதிக்குள் கட்டணம் செலுத்தாவிட்டால் தேன்மொழியின் இடம் வேறு யாருக்கோ போய்விடும். கட்டிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் போராடு. நானே கொடி பிடித்து வருகிறேன்.

இதற்கு மேல் உன்னிடம் கெஞ்ச எனக்குத் தெரியாது.

செல்வராணி


தெப்ராவ்,
1 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பத்து நாள் யோசித்தேன். என்னால் முடியவில்லை. நான் கட்டிவிட்டேன் என்று தெரிந்தால் என்னோடு நிற்கும் இளைஞர்கள் என்னைத் துரோகி என்பார்கள்.

தேன்மொழியின் இடம் போனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவளுக்குப் போனது ஒரு வருஷம். நான் பேசுவது லட்சம் பிள்ளைகளுக்காக. அவள் இடம் பறிபோனதையும் குழுவின் முன் சொல்லுங்கள். அழுகை வந்தால் அடக்க வேண்டாம். அது நமக்குப் பலம்.

கார் காலை ஏழரைக்கு வரும்.

அர்ச்சுனன்


காஹாங்,
9 செப்டம்பர் 2025

அர்ச்சுனா,

உன் காரைத் திருப்பி அனுப்பிவிட்டு நானும் தேன்மொழியும் பஸ்ஸில் வந்தோம். நான் பேசும்போது நீ மூன்றாவது வரிசையில் இருந்தாய். முடிக்கும் முன்பே எழுந்து போய்விட்டாய். அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

கட்டணம் குறைய வேண்டும், ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக்க வேண்டும் என்று சொன்னேன். நீ அதுவரைதான் கைதட்டினாய். பிறகு, ஜாமீன் முறையை முதலில் ஒழியுங்கள் என்றேன். வாங்கியவர் வசதியாக இருக்கும்போது கையெழுத்துப் போட்டவரை ஏன் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். என் சொந்தத் தம்பியே கட்ட வசதி இருந்தும் கட்டவில்லை, அதனால் என் மகள் படிப்பு போனது என்றேன். அப்போதுதான் நீ எழுந்தாய்.

நீ வெளியே போய்க் கதவு மூடிய பிறகு குழுத் தலைவர் மலாயில் கேட்டார்: உங்கள் தம்பியின் பெயர் என்ன? குறிப்பெடுப்பவர் பேனாவோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தேன்மொழி என் கையை அழுத்தி, "சொல்லிருங்கம்மா" என்றாள்.

நான் சொல்லவில்லை. எழுத வேண்டாம் ஐயா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். நேற்று முதல் ஆலையில் தற்காலிக வேலைக்கு வருகிறாள். அடுத்த வருஷம் மறுபடியும் விண்ணப்பிப்பாள். அந்த விண்ணப்பக் காகிதத்தில் உன் பெயர் எங்கும் இருக்காது.

உன் பெயரைச் சொல்லாமல் விட்டதுதான் அக்காவாக உனக்கு நான் செய்த கடைசிக் காரியம். தீபாவளிக்கு இங்கே வராதே.

செல்வராணி