மூலைக்கடைக்கு ஓர் ஆள்

ஜனவரி 6

மூலைக் கட்டடத்தின் சாவி கைக்கு வந்துவிட்டது. டைல்ஸ், குழாய், வாஷ்பேசின் எல்லாம் அங்கே ஒரே கூரைக்குள். அடுத்த வருடம் மச்சினன்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கவுன்ட்டரில் எப்பேர்ப்பட்ட ஆளையும் பேச்சிலேயே மடக்கிவிடுவான், சரக்குதான் தெரியாது. முதலில் கோடவுன், பிறகு கொள்முதல், அப்புறம் சாவி. இப்போது அவனிடம் மூச்சுவிடப் போவதில்லை. பிடித்த சரக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பேரம் பேசி முன்னுக்கு வந்தவன் நான்.

ஜனவரி 9

கோடவுனுக்குப் போகச் சொன்னேன்.

"நான் என்ன தப்பு பண்ணேன் அத்தான்?"

தப்பு செய்தால்தான் போக வேண்டுமா என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 17

கோடவுன் அடையாளமே தெரியவில்லை. எந்தச் சரக்கு எந்தப் பக்கம் என்று தரையில் மஞ்சள் பெயிண்டால் அம்புக்குறி போட்டிருக்கிறான். உடைசல் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆள் தேறிவிட்டான்! பாராட்ட வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். இப்போதே புகழ்ந்தால் தலையில் ஏறிவிடும்.

மார்ச் 2

மதியம் மேஜைக்கு முன் வந்து நின்றான். "மூணு வருஷம் கழிச்சு நான் எங்க இருப்பேன் அத்தான்?"

சாவி இழுப்பறையில்தான் இருந்தது. ஒரு சாண் தூரம்.

"எங்க இருப்ப மாப்ள? சாப்பாட்டு நேரத்துக்கு உங்க அக்கா முன்னாடி இருப்ப."

கடையே சிரித்தது. அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

மார்ச் 3

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 20

போய்விட்டான். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடையில் மேனேஜராம். திட்டத்தையெல்லாம் மனைவியிடம் இன்றுதான் கொட்டினேன்.

"அத்தான் என்னை ஓரங்கட்டிட்டாருன்னு வாரா வாரம் வந்து புலம்பிட்டுப் போவான். ஏங்க, வியாபாரத்துக்கு வந்தவன்கிட்ட மறைக்கலாம். வீட்டு ஆள்கிட்டயுமா?"

அவன் வாழ்க்கைக்கு நான் போட்ட கணக்கு அவனுக்கே தெரியாது.

மார்ச் 22

போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"இப்ப சொல்றீங்களே அத்தான். அங்க வாக்கு குடுத்துட்டேனே."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பேசிச் சரிக்கட்டியிருப்பேன்.

ஜூன் 11

பில் போடும் அம்மாவை உட்காரவைத்து, முதலிலேயே மூலைக்கடைச் சாவியை மேஜைமேல் வைத்தேன். கோடவுன், கொள்முதல், பிறகு இது என்று ஒளிக்காமல் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"கொள்முதலை முன்னாடி பழகிக்கிறேனே சார். பில் போட்டுப் போட்டு சரக்கு பாதி தெரியும்."

நியாயம்தான். அப்படியே மாற்றிவிட்டேன். கேட்டிருந்தால் அவனும் இப்படி ஏதாவது சொல்லியிருப்பான்.

சாயங்காலம் கோடவுனைச் சுற்றிக் காட்டினேன். நான் வழி சொல்ல வேண்டியே வரவில்லை. அந்த அம்மா அம்புக்குறியைப் பார்த்துப் பார்த்து முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன்.