பாண்டியம்மாக்காவின் ஒன்பது நிமிடம்

என் ஆசை பாண்டியம்மாக்கா,

உன்னைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிட்டால் இந்த மாதமே டாக்டர் பட்டம் என்றார் என் நெறியாளர். முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

மாரியூரில் உன் வீட்டுக்கு நான் ஆய்வுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? போலியோ காலை இழுத்துக்கொண்டு வந்த நானே அந்தத் தப்பைச் செய்தேன். உனக்கு ஒரு சொல் வாயை விட்டு வர அரை நிமிடம் ஆகும். அதற்குப் பொறுக்காமல் உன் மதினி பக்கம் திரும்பிவிட்டேன்.

"அவளுக்கு என்னத்தா வேணும்? வேளைக்குக் கஞ்சி ஊத்துறோம், குடிச்சிட்டுக் கெடக்கா" என்றார் மதினி. அதையே எழுதினேன். நீ என் காலில் மாட்டியிருந்த காலிப்பர் இரும்பைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாய். விழப் பார்த்தேன்.

"என்னயக்... கேளு."

கேட்டேன். ஒரே பதில், கேசட்டில் ஒன்பது நிமிடம். "எலெக்சனுக்கு எங்கண்ணன் என்னயத் தூக்கிட்டுப் போறான். எனக்கும் சேத்து அவனே குத்திட்டு வாரான். என் ஓட்ட நான் குத்தணும்." அடுப்படியில் மதினி பாத்திரத்தை உருட்டியதும் அதில் பதிவாகியிருக்கிறது.

நேற்று வாய்மொழித் தேர்வில், "இந்தப் பெண் பேசுவதே புரியாது, குடும்பத்தார் சொன்னதுதான் நம்பகமான தகவல்" என்றார் ஒரு பேராசிரியர். நான் கேசட்டைப் போட்டேன். இரண்டாவது நிமிடத்திலேயே கடிகாரத்தைப் பார்த்தார்.

"நிறுத்தும்மா, நேரமாகுது."

"அக்கா இன்னும் முடிக்கல சார்."

எழுந்து போய்விட்டார். ஊனமுற்றோரைப் பற்றி ஆயிரம் பக்கம் படிப்பார்களாம். ஊனமுற்ற ஒருத்தி பேசினால் உட்கார்ந்து கேட்க மாட்டார்களாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

நீ பங்குனியில் கண்ணை மூடிவிட்டாய். உன் கையால் ஓர் ஓட்டுகூட விழவில்லை, அது எனக்கு ஆறவே இல்லை. வாக்காளர் பட்டியலில் உன் பெயர் இன்னும் இருக்கிறது. இந்தத் தேர்தலிலும் உன் ஓட்டை அண்ணன் போட்டிருப்பாரோ?

ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வரி குறைக்காமல் மறுபடியும் கொடுப்பேன். 'தகவல் தந்தவர்' என்ற இடத்தில் மதினி பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதிவிட்டேன். அடுத்த முறை கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து நின்றுகொண்டுதான் கேசட்டைப் போடுவேன். நீ முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் வெளியே போக முடியாது.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
ராக்கு
சாயல்குடி