மாமா மோட்டாரின் வாயை அடைத்த கதை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன்.

மாமா என்னைப் பள்ளியில் விடும் படகின் மோட்டாரில் ஆயில் பம்பு கெட்டுவிட்டது. அதைக் கழற்றிவிட்டு, தினமும் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலக்கிறார். பம்பு இல்லையென்று ஓயாமல் அலறிய எச்சரிக்கை மணியின் ஒயரையும் வெட்டிவிட்டார். “உங்க அத்தை வாயைத்தான் அடைக்க முடியல, இதையாச்சும் அடைச்சேனே!” என்று சிரித்தார்.

நேற்று ஆயில் கலக்க மறந்துவிட்டார். நடு ஆற்றில் மோட்டார் கொதித்து முனகியது. உடனே நிறுத்தினார். அது ஆறும்வரை தண்ணீர் போன போக்கில் போனோம். பயப்படாதே, புத்தகங்கள் நனையவில்லை.

நான் எழுதியதாகச் சொல்லாதே, ஊர்க்காரர் யாரோ சொன்னதாகச் சொல். தினமும் காலையில் போன் செய்து, “தம்பி, ஆயில் கலந்தியாடா?” என்று கேள். உண்மையா என்று விசாரிக்க என்னிடமும் போனைக் கொடுக்கச் சொல்.

அத்தை இருமுகிறார், விளக்கை அணைக்கிறேன்.

உன் மகள்