இறந்தும் இறங்காத ராஜா

நேற்று அம்மாவின் பீரோவைத் திறந்தபோது அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. சித்தி மகளின் வளைகாப்புக்குக் கட்டிக்கொள்ள ஒரு பட்டுப்புடவை தேடிக்கொண்டிருந்தேன். புடவையை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். உன் கதையில் வரும் ராஜா அறைக்குள் வந்ததுபோல் இருந்தது. செத்துப்போனவன் என்றால் பிணவாடைதான் வீச வேண்டும் என்று நம் சிநேகிதன் மஸ்தான் அடித்துப் பேசியபோது நீ தலையாட்டி மறுத்தாய். "இல்லபா. அவரு தன்ன பத்திரமா எடுத்து வெச்சிக்கினு இருக்கறவரு. அவரு மேல அந்துருண்ட வாசனதான் வரும்." அந்தச் சொல்லில்தான் அவர் எனக்கு முதன்முதலாக ஆளாகத் தெரிந்தார். நீ போனபிறகு அவரைப் பற்றிப் பேச எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் உன்னிடமே பேசுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். பிறகு நீ டிசைன் படிக்கப் பெங்களூர் போனாய், நான் பரீட்சை எழுதி நம் ஊர்த் தாலுகா ஆபீசில் உதவியாளராகச் சேர்ந்தேன். திரும்பி வந்த நீ பிள்ளையார்பாளையத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து, பட்டுப்புடவை பார்டர்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து தறிக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாய். ஹாஸ்டலிலிருந்து நீ கொண்டுவந்தது படிப்பை மட்டும் அல்ல. பல முகம் வைத்த பகடைகளையும், யாரும் கேள்விப்படாத ஒரு விளையாட்டையும் கொண்டுவந்தாய். "நான் கத சொல்வேன். நீங்க அதுக்குள்ள ஆளா இருக்கணும். இன்னா பண்றதுன்னு நீங்க சொல்லுங்க. நடக்குமா நடக்காதான்னு பகட சொல்லும்" என்றாய். விளையாட்டின் விதி அவ்வளவுதான் என்று நினைத்து நானும் சம்மதித்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மஸ்தானும் சேர்ந்துகொண்டான். அவனும் நம் வகுப்புதான். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், கீழே தறிச் சத்தம் ஓய்ந்திருக்கும் நேரத்தில், நான் திருடியாகவும் அவன் கதாயுதம் ஏந்திய வீரனாகவும் உன் மாடியில் அலைந்தோம்.

அந்த மாடிக்கு நீ ஒரே மூச்சில் ஏறி நான் பார்த்ததில்லை. பாதிப் படியில் உட்கார்ந்து, ஏதோ யோசனை வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வாய். பிறக்கும்போதே உன் இதயத்தில் இருந்த கோளாறு எங்கள் எல்லோருக்கும் தெரியும். என்றைக்காவது ஒருநாள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று சென்னை டாக்டர் சொல்லியிருந்தார். மழை வரும்போலிருக்கிறது என்பதுபோல உன் வீட்டில் அதைப் பேசுவார்கள். நீயும் அப்படித்தான் பேசினாய்.

முதலில் நீ கொண்டுவந்த ராஜா சகிக்கவில்லை. சிவந்த கண், நீளப் பல், கறுப்பு அங்கி. மருதங்கோட்டை என்ற ஊரை முந்நூறு வருஷமாக ஆள்கிற சாகாத ராஜா என்று பெரிதாக ஆரம்பித்தாய். மஸ்தான் கதவை உதைத்துக்கொண்டு போய் ஒரே அடி அடித்தான். பகடையும் அவன் பக்கம் விழுந்தது. "செத்துட்டான்பா. டீ சொல்லலாமா?" என்றான்.

நீ சிரிக்கவில்லை. டீ வந்து ஆறிப்போகும்வரை பகடையை உருட்டிக்கொண்டே இருந்தாய். பிறகு எங்களிடம் இல்லாமல் உனக்கே சொல்வதுபோல், "அத்தினி வருஷம் ஊர ஆண்டவனுக்கு, ஒருநாளு யாராச்சும் கதவ ஒதைச்சிக்கினு வருவாங்கன்னு தெரியாமயா இருக்கும்? நான்தான் அவன முட்டாளா பண்ணி வெச்சிருக்கேன்" என்றாய்.

அன்றிலிருந்து உனக்கு ஒரே ஆராய்ச்சி. புத்தி உள்ளவன், அதிகாரம் உள்ளவன், செத்தும் போகாதவன்: அவன் எப்படி உட்காருவான், எப்படிப் பேசுவான், எதற்குக் கோபப்படுவான்? முசரவாக்கத்தில் என் ஆபீஸ் தோழி வீட்டுக் கல்யாணத்துக்கு உன்னையும் அழைத்துப் போனேன். பந்தியில் என்ன போட்டார்கள் என்றுகூட நீ கவனிக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய குடும்பத்துக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவராக வாயைத் திறக்கவில்லை. குனிந்து கும்பிட்டவர்களிடம் மட்டும் அவரவர் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி விசாரித்தார்.

"பாத்தியா, அவரு எதையும் கேக்கல. எல்லாரும் தானா குடுத்துட்டுப் போறாங்க" என்று என் காதில் சொன்னாய்.

"இன்னா குடுத்தாங்க? கும்பிடுதான போட்டாங்க?"

"அதத்தான்டி சொல்றேன்."

ஆனால் ராஜா பிறந்தது என் ஆபீசில். ஒருநாள் மதியம் நீ வெளி பெஞ்சில் எனக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் தலை நரைத்த ஒருவர் பட்டா பெயர் மாற்றத்துக்காக உட்கார்ந்திருந்தார். நீ பேச்சுக் கொடுத்திருக்கிறாய். நிலம் அவருடைய தாத்தா பெயரில் இருந்தது. அவர் அப்பாவும் மாற்றாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். "உழறது நானு, பேரு அவருதும்மா. பேங்குல கேட்டா உங்க தாத்தாவ இட்டுக்கினு வான்றாங்க" என்று அவர் சொல்லிச் சிரித்தாராம். நான் வெளியே வந்ததும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"உங்க ஆபீஸ்ல செத்தவங்க எத்தினி பேருபா இன்னும் நெலம் வெச்சிக்கினு இருக்காங்க?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உன் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். பசியில் இருக்கிறவள் சாப்பாட்டைக் கண்டதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

அடுத்த ஞாயிறு நாங்கள் நுழைந்தது வேறொரு மருதங்கோட்டை. கதவு திறந்தே இருந்தது. ராஜா எங்களைப் பெயர் சொல்லி அழைத்து உட்காரவைத்தார். மஸ்தானின் வீரனுக்குக் காணாமல் போன தம்பி ஒருவன் உண்டு. அவன் எங்கே இருக்கிறான் என்று தமக்குத் தெரியும் என்றார். ஊரில் பஞ்சம் இல்லை, ஏரி நிறைந்திருந்தது, பூட்டு என்பதையே மக்கள் மறந்திருந்தார்கள். உன் குரலை நீ மாற்றவே இல்லை. கொஞ்சம் மெதுவாக்கினாய், அவ்வளவுதான்.

"இவர எதுக்கு அடிக்கணும்?" என்று மஸ்தான் குழம்பிப்போய்க் கேட்டான்.

அப்போதுதான் கோட்டையின் உள்ளேயிருந்து தட்டில் மோர்க் குவளைகளை எடுத்துக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். எண்பது வயதிருக்கும். ராஜா அவரைக் காட்டி, "எங்க சின்னராஜா. பட்டத்து இளவரசரு" என்றார். இவருக்கு முன்னால் இருந்த இளவரசர்கள் எல்லோரும் இப்படியே காத்திருந்து, நரைத்து, போய்ச் சேர்ந்தவர்கள். அந்த ஊரில் யாரும் எதுவாகவும் ஆனதில்லை. தச்சன் மகன் கடைசிவரை உளி எடுத்துக் கொடுக்கிறவன், வைத்தியர் மகள் கடைசிவரை மருந்து இடிக்கிறவள். மேலே இருப்பவர் நகராததால் கீழே எதுவுமே நகரவில்லை. ராஜாவைக் கேட்டால், தாம் எல்லோரையும் பாதுகாப்பதாகத்தான் சொல்வார். அதை முழுக்க நம்பவும் செய்தார்.

"கோர்வ சரியா விழணும்பா" என்று அன்றைக்கு விளையாட்டு முடிந்ததும் சொன்னாய். புடவையின் உடலும் பார்டரும் தனித்தனி நிறத்தில் வந்து சேர்கிற இடத்தைச் சொல்கிறாய் என்று புரிந்தது. "அவரோட நல்லதும் கெட்டதும் எங்க சேருதுன்னு தடவிப் பாத்தாலும் தெரியக் கூடாது. அவருக்கே தெரியக் கூடாது."

ஆபரேஷனுக்குத் தேதி குறித்தபோது ராஜாவின் கதை பாதியில் இருந்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் பிரகாரத்தில் சாயங்காலம் உட்கார்ந்திருந்தோம். நீண்ட நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். "அந்த ராஜா நீயாடி? சாவப் பத்தி நெனச்சிக்கினுதான் அவரப் பண்ணியா?"

நீ கோபித்துக்கொள்ளவில்லை. கேள்வி உனக்குப் பிடித்திருந்தது என்றே தோன்றியது.

"இருக்கணும்னு எனக்கும் ஆசதான். இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா நான் இருந்தா யாருக்கும் வழி அடைக்காது இல்ல? அவரு இருந்தா அடைக்குது. ரெண்டும் ஒரே ஆசதானே, எந்த எடத்துல வேற ஆவுது? அதத்தான் தெரிஞ்சிக்கணும்னு பாக்கறேன்."

"தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

கடைசி ஞாயிறு உன் கட்டிலைச் சுற்றித்தான் உட்கார்ந்தோம். ராஜாவை எப்படி வீழ்த்துவது என்பதற்கு நீ முடிவு எதுவும் வைத்திருக்கவில்லை. எங்களைத்தான் கண்டுபிடிக்கச் சொன்னாய். நான் திருடியாக என்னென்னவோ தந்திரம் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் ராஜா ஒரு படி முன்னால் இருந்தார். சிம்மாசனத்தைத் திருடலாமா என்றுகூடப் பார்த்தேன். அவர் எழுந்து நின்று, எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நாற்காலியில் இல்லை விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த நேரத்தில்தான், இத்தனை வாரமும் எதையாவது உடைத்தே பழகிய மஸ்தான், "நான் ஆயுதத்தக் கீழ வெக்கறேன்" என்றான். ராஜாவைப் பார்க்காமல் மோர்த் தட்டோடு நின்ற கிழவரிடம் திரும்பினான். "சின்னராஜா, உங்களுக்கு இன்னா வேணும்?"

நீ கையிலிருந்த பகடையைக் கீழே வைத்தாய். கீழே யாரோ தெருக்குழாயில் குடம் வைத்த சத்தம் கேட்டது. உன் முகத்தை நான் மறக்கமாட்டேன். அந்தக் கேள்வியை நீ எதிர்பார்க்கவே இல்லை. கிழவருக்குள் போய்த் தேடிவிட்டு வருகிறாய் என்று தெரிந்தது.

"சிம்மாசனம் வேணாம்பா" என்று கிழவர் கடைசியில் சொன்னார். "அந்த ஏரிக்கு அந்தாண்ட இன்னா இருக்குதுன்னு போய்ப் பாக்கணும்."

தட்டை ராஜாவின் கையில் கொடுத்துவிட்டு அவர் வெளியே நடந்தார். பின்னாலேயே தச்சன் மகன், வைத்தியர் மகள், ஒவ்வொருவராக. ராஜா தடுக்கவில்லை. எல்லோரும் ராஜாவின் இடத்தைத்தான் விரும்புகிறார்கள் என்று நம்பி, அதற்கு மட்டுமே காவல் போட்டிருந்தவர் அவர். அவர் சாகவும் இல்லை. ஆளற்ற கோட்டையில் மோர்த் தட்டோடு நின்றார். "எனக்கே தெரியாதுபா இப்பிடி ஆவும்னு" என்று நீ மூச்சு வாங்கச் சிரித்தாய். மஸ்தான் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் பார்த்தான்.

அந்த வாரமே சென்னை போனாய். ஆபரேஷன் நடந்தது. உன் இதயம் அதைத் தாங்கவில்லை.

பல மாதம் நானும் மஸ்தானும் பார்த்துக்கொண்டால் கரண்டு பில், வெயில் என்று பேசிவிட்டுப் பிரிந்தோம். ஒருநாள் அவன் ஆபீசுக்கே வந்து, "கத சொல்ல ஆளு வேணும். நீ சொல்லு" என்றான். எனக்கு வராது என்றேன். "அவளுக்கு மட்டும் மொதல்ல வந்துதா? ஒரே அடியில செத்தானே மொத ராஜா" என்றான். மறுக்க முடியவில்லை.

இப்போது என் வீட்டு முன்னறையில் விளையாடுகிறோம். மஸ்தானின் தங்கை ஷமீமும் வருகிறாள். வாலாஜாபாத்தில் பள்ளிக்கூட டீச்சர். உன்னை அவள் பார்த்ததே இல்லை. போன ஞாயிறு அவள் வழி தவறி மருதங்கோட்டைக்குள் நுழைந்துவிட்டாள். நான் திட்டமிட்டது வேறு பாதை, பகடை அங்கே கொண்டுபோய் விட்டது. மஸ்தான் என்னை நிமிர்ந்து பார்த்தான். நீ இல்லாமல் அவரைப் பேசவைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. தூசி படிந்த மண்டபத்தையும் தனியாக உட்கார்ந்திருக்கும் பெரியவரையும் சொல்லி முடித்தேன்.

ஷமீம் பயப்படவில்லை, ஆயுதத்தைத் தேடவும் இல்லை. "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள்.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று நான் தேடவில்லை. அது எனக்கே ஆச்சரியம். அவர் என்ன சொல்வார் என்றுதான் தேடினேன். அத்தனை வருஷம் எல்லோருக்கும் எது வேண்டும் என்று தாமே முடிவு செய்தவரிடம் முதன்முதலாக ஒருத்தி கேட்கிறாள். அவருக்குள் போய்ப் பார்த்தேன். அங்கே இடம் இருந்தது. நீ எனக்கு விட்டுப்போனது அதுதான் என்று நினைக்கிறேன், யாருக்குள்ளும் போய்ப் பார்க்கலாம் என்கிற தைரியம்.

"இல்லம்மா" என்றார் ராஜா. "நீ ஒக்காரு. ஏரிக்கு அந்தாண்ட இருந்துதான வர்ற? அங்க இன்னா இருக்குது?"

ஷமீம் காலை மடக்கி உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள்.