ஆடாதொடையின் கடைசி ஆறு வரிகள்

பசுமலையில் ஒரு பள்ளிச் சுவரை ஒட்டி நிற்கும் ஆடாதொடை வேலியை இன்று காலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். தழை இடுப்பளவு குவிந்து கிடந்தது. நசுங்கிய இலைக்கு, ஈர டீத்தூளை மூடிவைத்துத் திறந்தது போன்ற வாடை. வண்டியை நிறுத்தி ஓர் இலையைக் கிள்ளி மென்றேன். கசப்பு அடிநாக்குவரை போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஆடுகூடக் கடிக்காது என்றுதான் இதை வேலிக்கு வைக்கிறார்கள். உன் மனைவிக்காக நீ சைக்கிளை நிறுத்தி ஒரு பை நிறைய இலை பறித்தது இந்த வேலியில்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பத்திரிகைப் பக்கங்களைக் கையால் ஒட்டிய காலம். நான் எழுதியது அச்செழுத்தாகிப் புரோமைடு தாளில் நீளநீளமாக வரும். அதைப் பிளேடால் நறுக்கிப் பக்கத்தில் ஒட்டுவது உன் வேலை. இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவாய். செய்தியில் முக்கியமானது மேலே இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கை. "சத்தையெல்லாம் தலையில வச்சிரு மாப்ள, வால நான் அறுத்துக்கிறேன்" என்பாய். வெட்டுவதை நீ படிப்பதில்லை. படித்தால் பக்கம் முடியாது.

ஞாயிறு இணைப்புக்காக ஆடாதொடை பற்றி எழுதத் திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே ஒரு விவசாயியைப் பார்த்தேன். அந்த வட்டாரத்துக்கே இருமல் மருந்து கொடுப்பவர். இலையை நறுக்கிக் கொதிக்கவைத்து, பாதியாகச் சுண்டியதும் வடிகட்டித் தேன் விட வேண்டும் என்றார். பூவின் வெள்ளை இதழில் ஓடும் ஊதாக் கோடுகளைக் காட்டினார். நான் கிளம்பி வண்டியை மிதித்த பிறகு ஓடிவந்தார்.

"தம்பி, ஒண்ணு விட்டுப்போச்சு. வயித்துல புள்ள இருக்கவுகளுக்கு மட்டும் குடுத்துராதீக. கலைஞ்சாலும் கலைஞ்சுரும்."

அவர் கடைசியில் சொன்னார். நானும் கடைசியில் எழுதினேன். ஆறு வரி.

சனிக்கிழமை மதியம் பக்கம் முடியும் நேரத்தில் ஒரு விளம்பரம் வந்தது. கட்டுரையில் இரண்டு அங்குலம் போயிற்று.

மறுநாள் காலை, கே.கே. நகர் வீட்டில் இணைப்பைப் பிரித்தேன். 'தேன் விட்டுக் குடிக்கலாம்' என்பதோடு கட்டுரை நின்றிருந்தது. முதலில் எரிச்சல்தான் வந்தது. அடுத்த நொடியே உன் மனைவி நினைவுக்கு வந்தாள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். ஐந்தாவது மாதம். இரண்டு வாரமாக இருமல் என்று நீதான் சொல்லியிருந்தாய். உன் வீட்டில் தொலைபேசி கிடையாது.

மகால் பக்கத்தில் உன் வீட்டுச் சந்தில் வண்டியைச் சாய்க்கும்போதே அந்த வாடை வந்தது. உள்ளே நீங்கள் இருவரும் சௌராஷ்டிர மொழியில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"வாங்கண்ணே! நீங்க எழுதுனதுதான். கசப்பு வாசல் வரைக்கும் வந்துருச்சா?" என்றாள் உன் மனைவி. கையில் ஆவி பறக்கும் டம்ளர்.

"குடிச்சாச்சா?"

"எங்க? இம்புட்டுச் சூட்டுல எப்புடிக் குடிக்க?"

டம்ளரைப் பிடுங்கி முற்றத்தில் கொட்டினேன்.

"ஏன் மாப்ள, உன் மருந்து மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தாய். விட்டுப்போன ஆறு வரியை நான் சொல்லச் சொல்ல உன் முகம் மாறியது. உன் கை சட்டைப் பையிலிருந்த அரைப் பிளேடைத் தொட்டுப் பார்த்தது.

திங்களன்று எச்சரிக்கையைக் கட்டம் கட்டி முதல் பக்கத் தலையில் ஒட்டினாய். வாரக்கணக்கில் வாசகர் கடிதங்களைப் பிரித்துப் பார்த்தோம். கெட்ட செய்தி எதுவும் வரவில்லை. வரவில்லை என்பதால் நடக்கவில்லை என்று என்னால் எழுத முடியாது.

நான்கு மாதம் கழித்து உனக்கு மகள் பிறந்தாள். அதன் பிறகும் உன் சந்தேகம் ஓயவில்லை. "ஒரே எலை. நெஞ்சுல போயி சளிய எளக்குது, வயித்துல போயி ஏன் மாப்ள இறுக்குது? எங்க என்ன செய்யணும்னு அதுக்கு எப்புடித் தெரியுது?" எனக்குத் தெரிந்த டாக்டரிடம் கேட்டு வந்து சொன்னேன். இலையிலுள்ள ஒரு பொருள் மூச்சுக்குழாயைத் தளர்த்தும், கருப்பையைச் சுருக்கும் என்றார். "அது என்ன செய்யுதுன்னு சொல்ற. ஏன்னு சொல்லலியே" என்றாய். அதை இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு நீ படிக்காமல் வெட்டியதில்லை. மாநகராட்சிக் கூட்டச் செய்தியைக்கூடப் பிளேடை ஓங்கியபடியே கேட்பாய்: "இத எடுத்துட்டா யாரு மாப்ள குடிச்சிருவா?" பக்கம் தாமதமானது. திட்டும் வாங்கினாய்.

அந்தத் திங்கள்கிழமை ஆசிரியர் அறையில் யார் வெட்டியது என்று கேட்டார்கள். "என் பிளேடுதான் சார்" என்றாய். மூன்று மாதம் உன்னைப் பத்திரிகைக் கட்டு கட்டும் பார்சல் பிரிவுக்கு மாற்றினார்கள். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

நீயும் நானும் மட்டும் அறிந்தது ஒன்று உண்டு. அந்தச் சனிக்கிழமை நீ வெட்டுமுன் கேட்டாய். ஜன்னல் வழியே தலையை நீட்டி, டீக்கடையில் நின்ற என்னிடம் கத்தினாய்: "மாப்ள, ரெண்டு இஞ்ச் எடுக்கணும், எத எடுக்க?" கிளாஸைக் கீழே வைக்காமல், என்ன எழுதினேன் என்று ஒரு கணம்கூட யோசிக்காமல், "கீழேருந்து எடு" என்றேன்.

இதை நீ யாரிடமும் சொல்லவில்லை. உன் மனைவியிடம்கூட. போன மாதம் உன் சாவுக்குத் துக்கம் விசாரிக்க வீட்டுக்குப் போனபோது, "அன்னைக்கு நீங்க வராட்டி இவ இல்லண்ணே" என்று மகளைக் காட்டி அழுதாள். அப்போதும் நான் பேசவில்லை.

அந்த ஆறு வரித் துண்டை உன் மேசை விளிம்பிலிருந்து உரித்து எடுத்தவன் நான்தான். பர்ஸில் இருக்கிறது. மஞ்சளாகிவிட்டது, எழுத்து மங்கவில்லை. நாளைக் காலை அதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போகிறேன். இந்த முறை முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன்.