பறி கவ்விய வாயின் பேச்சு

இறால் பிடித்துப் போடும் பறி புதிதாக வாங்கினால் முதலில் ஏரித் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இன்று காலை ஊறியதை எடுத்து வாயில் கவ்விப் பார்த்தேன். நனைந்த பனையோலை மணம் மூக்கில் ஏறியதும் உன் முகம்தான் வந்து நின்றது. நீயும் ஒருநாள் இப்படி ஒரு கூடையைக் கவ்விக்கொண்டு எங்களோடு இறால் தடவ இறங்கினாய். ஒரு இறால்கூடச் சிக்கவில்லை. உதடு வீங்கிக் கரையேறி, "இதெ வாயில வச்சிக்கிட்டு எப்படிட்டீ பேசுதிய?" என்று கேட்டாய். பேச்சைப் பற்றிப் படிக்க வந்தவள் வேறு எதைத்தான் கேட்பாய்.

ஏரிக்குள் இருக்கும் எங்கள் பசியாவரத்துக்கு நீ படகில் வந்து இறங்கியபோது, கல்லூரியில் மொழியியல் சொல்லிக்கொடுப்பவள், நம் ஊர்ப் பேச்சைப் பதிவு செய்ய வந்திருக்கிறாள் என்றார்கள். நான் எடுத்த எடுப்பிலேயே, "இன்னா நீ, வெயில்ல நிக்கற, இப்டி வா" என்றேன். உன்னோடு வந்த மாணவிக்கு முகம் சுண்டிப்போனது. நீ சிரித்தாய். இவர்கள் மரியாதையைச் சொல்லில் வைக்கவில்லை, குரலில் வைத்திருக்கிறார்கள் என்று அவளிடம் விளக்கினாய். உன் திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டு மெட்ராசில் கூடப் படித்தவர்கள் கேலி செய்ததால்தான் இந்தப் படிப்பையே எடுத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாய். அன்றிலிருந்து நமக்குள் நீங்கள் நாங்கள் எல்லாம் கிடையாது. இந்த மடலிலும் கிடையாது.

இறால் தடவும்போது இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பறி பல்லில் இருக்கும். வாயைத் திறந்தால் பிடித்ததெல்லாம் ஏரிக்கே திரும்பிப் போய்விடும். அதனால் நாங்கள் தொண்டையிலேயே முனகிக்கொள்வோம். பக்கத்தில் வா என்பதற்கு ஒரு முனகல். கெளுத்தி கிடக்கிறது, முள் குத்தும் என்பதற்கு இன்னொன்று. இந்தா பிடி என்பதற்கு வேறு. என் அம்மா முனகினாள், நானும் முனகினேன், அதைப் பேச்சு என்று யாரும் நினைத்ததில்லை. நீதான் பதிவு செய்யும் கருவியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டு எங்கள் பின்னாலேயே தண்ணீரில் அலைந்தாய். வாய் திறந்து 'இங்க வா' என்று சொல்லும்போது குரல் எப்படி ஏறி இறங்குகிறதோ, அப்படியேதான் அந்த முனகலும் ஏறி இறங்குகிறது என்று போட்டுக் காட்டினாய். "சொல்ல உருவிட்டாலும் ராகம் நிக்கி பாரு" என்றாய்.

எனக்கு அதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. மனசு முழுக்க என் மகள்மேல் கிடந்தது. மூன்று வயது முடிந்தும் அவளுக்கு ஒரு சொல் வரவில்லை. என் வீட்டுக்காரர் ஏரிக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் பிறந்தவர். சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் தமிழ் வரும். குழந்தையைக் கொஞ்சுவதெல்லாம் தெலுங்கில்தான். வீட்டில் இரண்டு மொழி புழங்குவதால்தான் பிள்ளைக்கு நாக்கு எழவில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு மனிதர் ஒருநாள் முடிவெடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவளிடம் வாயே திறக்கவில்லை. படகிலிருந்து வருவார், கால் கழுவுவார், அவள் தலையைத் தடவிவிட்டு வலையோடு உட்கார்ந்துவிடுவார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த வீட்டில் அப்பனும் மகளும் ஒருவர் குரலை ஒருவர் கேட்காமலே போய்விடுவார்களோ என்று நான் பயந்தேன்.

இதை உன்னிடம் சொல்லி அழுதபோது நீ ஆறுதல் சொல்லவில்லை. நாலைந்து நாள் எங்கள் வீட்டில் சும்மா வந்து உட்கார்ந்தாய். பிறகு ஒரு மதியம், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவரிடம் மகளிடம் தெலுங்கில் ஏதாவது கேட்கச் சொன்னாய். அவர் தலை நிமிரவில்லை.

"நம்ம பாஷ வேணாம்மா. புள்ள கெட்டுப்பூடும்."

"ஒரே ஒரு தடவ கேளுங்க. எனக்காவ."

அவர் வலையைப் பார்த்தபடியே, யாருக்கும் கேட்கக் கூடாதது போல, "நீள்ளு தே, தல்லி" என்றார். தண்ணீர் கொண்டு வா அம்மா என்று அர்த்தம். மாதக்கணக்கில் அவள் காதில் விழாத மொழி. அவள் சட்டென்று எழுந்தாள். பானைக்குப் போனாள். பாதியைக் கீழே சிந்திக்கொண்டு தம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். நீட்டும்போது தொண்டைக்குள் முனகினாள். நாங்கள் தண்ணீரில் இந்தா பிடி என்பதற்கு முனகுவோமே, அதே முனகல். கைக்குழந்தையாகக் கரையில் கிடந்து எங்களைக் கேட்டுக் கேட்டுப் பிடித்திருக்கிறாள்.

"இவ பேசிட்டுதாம் இருக்கா. நீதான் வார்த்தயத் தேடிட்டு இருக்க" என்று என்னிடம் சொன்னாய். அவர் தம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நீ அத்தோடு விட்டிருந்தால் நான் உன்னைக் கும்பிட்டுவிட்டுப் பயத்தோடு இருந்திருப்பேன். பொன்னேரியில் ரயிலேற்றி எங்களைச் சென்னைக்குக் கூட்டிப்போய்க் காது பரிசோதனை செய்ய வைத்தாய். காது நன்றாக இருந்தது. இரண்டு மொழி கேட்டால் பிள்ளை ஊமையாகாது, இரண்டையும் அதது வரும் வழியில் பிரித்து அடுக்கிக்கொள்ளும், அதற்குக் காதில் பேச்சு விழுந்துகொண்டே இருக்க வேண்டும் என்று அவரிடம் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னாய். அவர் மறுபடி பேச ஆரம்பித்தார். நிறுத்தி வைத்ததற்கெல்லாம் வட்டியோடு பேசினார். அடுத்த மழைக்காலத்தில் அவள் 'நைனா' என்றாள். எங்கள் ஊரில் தமிழ்க்காரர்களும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுகிறோம். அது என் மொழியா அவர் மொழியா என்று எனக்கும் அவருக்கும் சண்டை. தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டால் நீ போனில் விழுந்து விழுந்து சிரித்தாய்.

இப்போது அவள் பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிறாள். வாயை மூடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. போன மாதம் கோட்டைக்குப்பத்துப் பெண் ஒருத்தி, பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, மாமியாரைத் தெலுங்கு பேசாமல் இருக்கச் சொல்லிவிடவா என்று கேட்டு வந்தாள். முதலில் பிள்ளையின் காதை டாக்டரிடம் காட்டு, மாமியாரை வாய் வலிக்கும்வரை பேசச் சொல் என்று அனுப்பினேன். உன் படிப்பில் எனக்கு வந்தது அவ்வளவுதான்.

நீ போய்விட்டாய் என்று உன் மாணவிதான் கூப்பிட்டுச் சொன்னாள். நோய் என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? அதில் எனக்கு உன்மேல் கோபம் உண்டு. போனை வைத்ததும் மகளிடம் சொன்னேன். அவர் வாசலில் வலையை உதறிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சொல்ல என்னால் முடியவில்லை. மகள் போனாள். அவர் தோளில் கை வைத்து, தெலுங்கில் சொன்னாள். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏதோ கேட்டார், அவள் பதில் சொன்னாள். அவரும் சொன்னார். உன்னைப் பற்றித்தான் இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் எனக்கு அதில் பாதிதான் புரிந்தது. அந்தப் புரியாத பாதிக்கும் சேர்த்து உனக்கு நன்றி.